இறுக்கம் வேறு, இனங்காணல் வேறு: உயிர் உணரி ஆய்வில் இறங்கும் வேதியியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவ நண்பர்களுக்கு,

முதுநிலை வேதியியல் முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடுகிறவர்களில் நிறையப் பேர் உயிர் உணரிப் பக்கம் சாய்கிறீர்கள். காரணம் புரிகிறது. பழைய கட்டுரை ஒன்றிலிருந்து அப்டாமரின், அதாவது இலக்கைப் பிடிக்கும் டி.என்.ஏ அல்லது ஆர்.என்.ஏ இழையின், எழுத்து வரிசையை எடுத்து கம்பெனிக்கு அனுப்பினால், சில நாளில் அது வெள்ளைப் பொடியாகக் குப்பியில் வந்து இறங்கும். தங்க நானோ துகளோடு கலந்து இலக்குப் பொருளைச் சேர்த்தால் சிவப்பு நீலமாகும். செறிவுக்கு எதிரே நிறத்தை வரைந்தால் நேர்கோடு விழும். கண்டறியும் எல்லையைக் கணக்கிட்டால் கட்டுரை தயார். இந்த வழியில் போவதற்கு முன் நீங்கள் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கையில் இருக்கும் மூலக்கூறு இலக்கை இனங்காண்கிறதா, இல்லை சும்மா ஒட்டிக்கொள்கிறதா? இந்த மடல் முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

கற்பனைக் கவலை இல்லை இது. ஆர்செனிக்கின் கதையைப் பாருங்கள். மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் குழாய்க் கிணற்று நீர் வழியே ஆர்செனிக் உடலில் ஏறி, பெரும் மக்கள் கூட்டம் அல்லல்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு. அதை மலிவாக அளக்கும் கருவிக்கு எவ்வளவு தேவை இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2009இல் தென்கொரிய ஆய்வாளர்கள் ஆர்செனிக்கைப் பிடிக்கும் டி.என்.ஏ அப்டாமர் என்று ஒன்றை வெளியிட்டார்கள். வியட்நாமின் நிலத்தடி நீரிலிருந்து ஆர்செனிக்கை அகற்றிக் காட்டியதாகவும் எழுதினார்கள். 'ஆர்ஸ்-3' என்ற அந்த வரிசையை எடுத்துக்கொண்டு உலகெங்கும் உணரிகள் பிறந்தன. அவற்றில் பல, தங்க நானோ துகளின் நிறமாற்றத்தை நம்பியவை.

பத்து ஆண்டு கழித்து, 2019இல், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜூவென் லியூவின் குழு அந்த வரிசையை முதலிலிருந்து சோதித்தது. தங்கம் இல்லாமல், கரைசலில், பிணைப்பின்போது வெளிப்படும் வெப்பத்தை நேரடியாக அளந்தது. பிணைப்பு என்று சொல்லும்படி எதுவும் தெரியவில்லை. அப்படியானால் நிறம் ஏன் மாறியது? ஆர்செனிக் தானே போய்த் தங்கத்தின் மேற்பரப்பில் படிகிறது. மேற்பரப்பில் அது செய்யும் வேலையால் துகள்களின் நடத்தை மாறுகிறது. டி.என்.ஏ செய்ததாக எண்ணப்பட்ட வேலையைத் தங்கம் செய்திருக்கிறது. இதில் யாரும் பித்தலாட்டம் செய்யவில்லை. எல்லோரும் பதிலை அளந்தார்கள். பதில் சொன்னது யார் என்பதைச் சோதிக்கவில்லை.

இப்படிப்பட்ட சறுக்கல் ஏன் இத்துறையில் எளிதாக நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, அப்டாமர் பிறந்த விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1990இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே எண்ணத்துக்கு வந்தன. கொலராடோவின் போல்டரில் கிரெய்க் டுயர்க், லாரி கோல்ட். பாஸ்டனில் ஆண்ட்ரூ எலிங்டன், ஜாக் சோஸ்டக். இரு முனைகளும் தெரிந்த வரிசையாகவும் நடுப்பகுதி தாறுமாறாகவும் இருக்கும் கோடானுகோடி இழைகளை முதலில் உண்டாக்குகிறோம். இலக்கின்மேல் ஊற்றுகிறோம். ஒட்டாததைக் கழுவிவிடுகிறோம். ஒட்டியதைப் பாலிமரேஸ் நொதியால் நகலெடுத்துப் பெருக்கி மறுபடி ஊற்றுகிறோம். சில சுற்றுகளில் வென்றவை மட்டும் மிஞ்சும். செலெக்ஸ் என்று இந்த முறைக்குப் பெயர்.

எதிர்ப்புரதம் உட்பட வேறு எந்தப் பிணைப்பு மூலக்கூறுக்கும் எளிதில் வாய்க்காத வசதி இது. எது பிடித்தது என்று தெரியாதபோதும், பிடித்ததை நகலெடுக்கலாம். பிறகு அதன் எழுத்துகளை வாசிக்கலாம். மூலக்கூறே தன் செய்முறைக் குறிப்பையும் சுமந்து வருகிறது.

ஆனால் இதன் அளவையும் மறக்கக் கூடாது. தாறுமாறான பகுதி 40 எழுத்து நீளம் என்றால், சாத்தியமான வரிசைகள் ஒன்றின் பின்னால் 24 சுழிகள் போடும் அளவுக்கு வரும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மூலக்கூறு வைத்தாலும், முனைகளையும் சேர்த்து 80 எழுத்து இழைகளாக ஏறக்குறைய 50 கிலோ டி.என்.ஏ வேண்டும். நாம் குழாயில் எடுப்பது ஒரு நானோமோல், அதாவது 25 மைக்ரோகிராம் சொச்சம். கடலில் ஒரு கையளவுதான் தேடுகிறோம். கிடைத்தது 'மிகச் சிறந்த' பிணைப்பான் என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. அதோடு, நாம் எதைக் கேட்டோமோ அதைத்தான் இந்தத் தேர்வு தரும். 'ஒட்டு' என்று மட்டும் கேட்டால் ஒட்டுவது வரும். 'இதில் ஒட்டு, அதில் ஒட்டாதே' என்று கேட்டால்தான் இனங்காண்பது வரும்.

இரண்டாவது வகைக் கேள்விக்கு இன்றும் நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் 1994இல் வெளிவந்த தையோஃபிலின் அப்டாமர். தையோஃபிலின் ஆஸ்துமா மருந்து. இரத்தத்தில் கொஞ்சம் குறைந்தால் பலன் இருக்காது, கொஞ்சம் கூடினால் நஞ்சாகும். அதனால் அளந்து அளந்து கொடுக்க வேண்டியது. காப்பியில் உள்ள காஃபீனுக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரே ஒரு மெத்தில் தொகுதிதான். காப்பி குடித்துவிட்டு வரும் நோயாளியின் இரத்தத்தில் இரண்டும் இருக்கும். ராபர்ட் ஜெனிசனும் உடன் ஆய்வாளர்களும் தையோஃபிலினில் ஒட்டிய ஆர்.என்.ஏ இழைகள்மேல் காஃபீனை ஊற்றினார்கள். அதற்கு மசிந்து கழன்று வந்ததைத் தூக்கிப் போட்டார்கள். கடைசிவரை நின்றதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கிடைத்த ஆர்.என்.ஏ, காஃபீனைவிடத் தையோஃபிலினை 10,000 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்தது. காஃபீனின் அந்த ஒரு மெத்தில் உட்கார அதன் பைக்குள் இடமில்லை.

கொகெயினுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டி.என்.ஏ அப்டாமரை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். உணரித் துறையில் மிக அதிகமாகக் கையாளப்பட்டவற்றில் அதுவும் ஒன்று. மலேரியா மருந்தான குவினைனை அது கொகெயினைவிடப் பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தத் தேர்வில் குவினைனை யாரும் விலக்கச் சொல்லவில்லை, அப்டாமரும் விலக்கவில்லை. கல்யாண மண்டப வாசலில் நின்று வருகிறவர் எல்லோரையும் 'வாங்க, வாங்க' என்று கும்பிடுகிறவர் உங்களை அடையாளம் கண்டுகொண்டார் என்று எப்படிச் சொல்வீர்கள்?

இனி நம் பாடத்துக்கு, அதாவது வேதி மாற்றத்துக்கு வருகிறேன். இயற்கையான நியூக்ளிக் அமிலத்துக்கு மூன்று குறைகள் உண்டு. இரத்தத்தில் சீக்கிரம் சிதையும். நான்கே எழுத்துகள்தான் என்பதால் அதன் வேதி வளம் குறைவு. புரதத்துக்கு இருப்பதுபோல் நீர்வெறுக்கும் பக்கத் தொகுதிகளோ நேர்மின் தொகுதிகளோ இல்லை. முதுகெலும்பு முழுக்க எதிர்மின் பாஸ்பேட் என்பதால் இழையும் இழையும் ஒன்றையொன்று தள்ளும். ஒவ்வொரு வேதி மாற்றமும் இவற்றில் ஏதோ ஒன்றுக்கு மருந்து. எல்லா மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

முதல் குறை, சிதைவு. ஆர்.என்.ஏ சர்க்கரையின் 2ஆம் கரியில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி பக்கத்து பாஸ்பேட்டைத் தாக்கி இழையை வெட்டுகிறது. இரத்தத்தில் உள்ள நொதிகளும் அந்தக் கத்தியையே எடுத்தாள்கின்றன. அந்த இடத்தில் ஃபுளூரினையோ மீத்தாக்சியையோ வைத்தால் கத்தி போய்விடும். இப்படி உருவானதுதான் பெகாப்டானிப். முதுமையில் விழித்திரை நடுப்பகுதி பழுதாகும் நோயின் ஈரவகைக்கு 2004 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த முதல் அப்டாமர் மருந்து. அதன் பிரிமிடின்களில் ஃபுளூரின், பியூரின்களில் மீத்தாக்சி. ஆனால் இரண்டே இரண்டு பியூரின்களை மட்டும் மாற்றாமல் விட்டிருப்பார்கள். அங்கே கைவைத்தால் பிடி தளர்ந்துவிடும். தேர்வு முடிந்த பிறகு செய்யும் வேதி மாற்றம் எவ்வளவு கவனம் கேட்கும் என்பதற்கு அந்த இரண்டு இடங்களே பாடம்.

பெகாப்டானிப் இன்னொன்றும் சொல்லித் தருகிறது. இரத்தக் குழாய் வளர்ச்சிக் காரணியான வி.ஈ.ஜி.எஃப் புரதத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. இது அவற்றில் 165 என்ற வடிவத்தை மட்டும் துல்லியமாகப் பிடித்தது. 2006இல் வந்த ரானிபிசுமாப் என்ற எதிர்ப்புரதத் துண்டு எல்லா வடிவங்களையும் பிடித்தது. பார்வையைக் காப்பதில் அதுவே முந்தியது. சந்தையும் அதன் பக்கம் போயிற்று. துல்லியம் எப்போதும் நல்லதுதான் என்று எண்ணிவிடாதீர்கள். எதை எதிலிருந்து பிரித்தறிய வேண்டும் என்பதை நோய் முடிவு செய்யும், அல்லது நீங்கள் சோதிக்கும் கிணற்று நீர் முடிவு செய்யும். வேதியியல் அதற்குப் பின்னால் வரட்டும்.

சிதைவுக்கு வேறொரு மருந்து, ஆடி பிம்பம். உடலின் நொதிகள் வலக்கை ஆர்.என்.ஏவை மட்டுமே வெட்டத் தெரிந்தவை. இடக்கை ஆர்.என்.ஏவை அவை சீண்டுவதில்லை; ஆனால் பாலிமரேசும் அதை நகலெடுக்காது. பெர்லினில் 1990களில் இதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். இலக்கின் ஆடி பிம்பத்தைத் தொகுத்து, அதற்கு எதிராக இயற்கையான ஆர்.என்.ஏவைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு வென்ற வரிசையை இடக்கை வடிவில் தொகுத்தார்கள். அது உண்மையான இலக்கைப் பிடித்தது. ஆனால் இலக்கின் ஆடி பிம்பத்தை வேதிமுறையில் கட்ட முடிந்தால்தான் இந்த வழி. பெரிய புரதமென்றால் கடினம். 2021இல் சீனாவின் டிங் ஜூ குழு 775 அமினோ அமிலம் நீளமுள்ள பாலிமரேசையே ஆடி பிம்பமாகத் தொகுத்துவிட்டது. கதவு இன்னும் அகலமாகத் திறக்கிறது.

இரண்டாவது குறை, எழுத்து வறுமை. பிரிமிடின் காரத்தின் 5ஆம் இடம் இரட்டைச் சுருளின் பெரும்பள்ளத்தை நோக்கி நிற்கிறது. அங்கே ஒரு தொகுதியைத் தொங்கவிட்டாலும் ஜோடி சேர்வது கெடாது. பொருத்தமான பாலிமரேசும் சகித்துக்கொள்ளும். பென்சைல், நாப்தில், இண்டோல் போன்ற தொகுதிகளை அந்த இடத்தில் கோத்து, லாரி கோல்ட் நிறுவிய சோமாலாஜிக் நிறுவனம் 'சோமாமர்' என்ற வகையை 2010இல் வெளியிட்டது. ஒரே துளி இரத்தத்தில் அன்று 800க்கும் மேற்பட்ட புரதங்களை அளக்க முடிந்தது, இன்று ஆயிரக்கணக்கில். படிகக் கட்டமைப்புகளைப் பார்த்தால், இலக்கின் மேற்பரப்போடு இந்தத் தொகுதிகள்தான் நெருங்கிப் பொருந்தியிருக்கின்றன.

சோமாமரிடமிருந்து கற்கவேண்டியது இன்னொன்று, கால அளவு. இரண்டு பிணைப்புகள் ஒரே அளவு இறுக்கம் காட்டலாம். ஆனால் ஒன்று நொடியில் கழன்று மறுபடி ஒட்டும், இன்னொன்று பல நிமிடம் விடாது. ஏதோ ஒரு புரதத்தில் தவறாக ஒட்டியவை பெரும்பாலும் சீக்கிரம் கழல்பவை. அதனால் எதிர்மின் பாலிமர் ஒன்றைக் கூட்டத்தில் விட்டு, கழன்றவை மறுபடி ஒட்டாமல் தடுத்து, நீண்ட நேரம் நிற்பவற்றை மட்டும் எண்ணுகிறார்கள். இறுக்கத்தைக் கேட்காமல் நேரத்தைக் கேட்டு இனங்காணலைப் பிழிந்தெடுக்கும் வழி இது. இவ்வளவு செய்தும், எதிர்ப்புரத அடிப்படையிலான வேறு தொழில்நுட்பத்தோடு ஒப்பிட்டால் பல புரதங்களில் இரண்டின் அளவீடுகளும் ஒத்துப்போவதில்லை. பெரிய நிறுவனங்களுக்கே இந்தப் பாடு என்றால், ஒற்றை மாணவரின் உணரிக்கு எவ்வளவு சோதனை வேண்டும்?

புதிய எழுத்தையே சேர்த்தவர்களும் உண்டு. ஜப்பானின் இசாவோ ஹிராவோ குழு நீர்வெறுக்கும் செயற்கைக் காரம் ஒன்றை ஐந்தாம் எழுத்தாக்கித் தேர்வு நடத்தியது. 2013இல் வெளியான முடிவில், இழையில் ஓரிரு இடங்களில் அந்த எழுத்து விழுந்ததே பிடியை 100 மடங்குக்கு மேல் உயர்த்தியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் பிலிப் ஹாலிகர் குழு சர்க்கரையையே மாற்றிய ஆறு வகைச் செயற்கை இழைகளை எழுதவும் வாசிக்கவும் வல்ல பாலிமரேஸ்களை உருவாக்கிக் காட்டியது.

மூன்றாவது குறை, மின்சுமை. இலக்கு புரதமாக இல்லாமல் வரிசை தெரிந்த டி.என்.ஏ அல்லது ஆர்.என்.ஏவாக இருந்தால் தேர்வே தேவையில்லை. துணை வரிசையைத் தொகுத்தால் போதும். கோபன்ஹேகனில் பீட்டர் நீல்சன், மைக்கேல் எக்ஹோம், ரோல்ஃப் பெர்க், ஓலே புகார்ட் ஆகியோர் 1991இல் சர்க்கரை, பாஸ்பேட் இரண்டையும் எடுத்துவிட்டு அமைடு சங்கிலியில் காரங்களைக் கோத்தார்கள். அதுதான் பி.என்.ஏ. மின்சுமை இல்லாததால் டி.என்.ஏவோடு இறுக்கமாகச் சேரும். ஓரெழுத்துப் பிழையை டி.என்.ஏவைவிடக் கடுமையாகத் தண்டிக்கும். அதனால் இயல்பான மரபணுவை மறைத்துவிட்டு, புற்றுநோய்த் திசுவில் அரிதாக உள்ள மாறிய மரபணுவை மட்டும் பெருக்கிக் காட்டுவதற்கு அதைக் கவ்வியாகப் போடுகிறார்கள். எந்த உயிரி நொதியும் அதை நகலெடுக்காது. நீரில் கரைவதிலும் அடம் பிடிக்கும். நம் நாட்டிலும் இதில் ஆழமான வேலை நடந்திருக்கிறது. பி.என்.ஏ டி.என்.ஏவையும் ஆர்.என்.ஏவையும் ஒரே மாதிரி கட்டிக்கொள்கிறது என்ற சிக்கலுக்கு, புனேயின் தேசிய வேதி ஆய்வகத்தில் கே.என்.கணேஷ், வைஜயந்தி குமார் ஆகியோரும் உடன் ஆய்வாளர்களும் 2005 வாக்கில் ஒரு விடை கண்டார்கள். முதுகெலும்பில் சைக்ளோஹெக்சேன் வளையத்தைப் புகுத்தி, ஆர்.என்.ஏவை விரும்பித் தேடும் பி.என்.ஏவைச் செய்தார்கள். வளையத்தின் கோணத்தைச் சரியாகத் தேர்ந்ததுதான் சாவி. கரிம வேதியியல் படித்தவர்தான் செய்யக்கூடிய வேலை அது.

வரிசை தெரிந்த இலக்குக்கு இன்னொரு வழியும் உண்டு. எல்.என்.ஏ என்ற பூட்டிய வகையில், சர்க்கரையின் குறுக்கே ஒரு மெத்திலீன் பாலம் போட்டு அதை ஒரே வடிவில் உறைய வைக்கிறோம். ஒசாகாவில் தகேஷி இமானிஷியின் குழுவும், டென்மார்க்கில் யெஸ்பர் வெங்கலின் குழுவும் 1997, 98இல் தனித்தனியே எட்டிய இடம். இப்படிப் பூட்டிய ஒவ்வோர் எழுத்தும் இரட்டைச் சுருள் உருகும் வெப்பநிலையை 2 முதல் 8 டிகிரிவரை ஏற்றும். 22 எழுத்துச் சிற்றளவு மைக்ரோ ஆர்.என்.ஏக்களை வரிக்குதிரை மீனின் திசுக்களில் 2005இல் படம்பிடிக்க முடிந்தது இதனால்தான். ஆனால் எல்லா எழுத்தையும் பூட்டினால் என்ன ஆகும்? பிடி அளவுக்கு மீறி, தவறான ஜோடியும் அறை வெப்பநிலையில் விடாமல் நிற்கும். இழையைக் குறுக்கியும் வெப்பநிலையை ஏற்றியும் அந்த இறுக்கத்தைத் தளர்த்தினால்தான் ஓரெழுத்து வித்தியாசம் தெரியும். தலைப்பில் நான் சொன்னது இதைத்தான்.

இப்போது பக்கவிளைவுக்கு வருவோம். பாஸ்பேட்டின் ஓர் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம் வைத்தால் நொதிகள் தாமதிக்கும்; ஆனால் அந்த இழை எந்தப் புரதத்திலும் கொஞ்சம் ஒட்டும். இரத்தத்தில் தங்கும் நேரத்தை நீட்டிக்க முனையில் கட்டும் பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலிக்கு எதிரான புரதங்கள் சிலரின் உடலில் முன்பே இருக்கும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் பெக்னிவகோஜின் என்ற அப்டாமரின் பெரிய சோதனை, கடுமையான ஒவ்வாமைகளால் 2014இல் நிறுத்தப்பட்டது. ஒவ்வாமைக்குக் காரணமாகச் சுட்டப்பட்டது அந்த வால்தான். அப்டாமரின் வரிசை அல்ல. துறை அத்தோடு நின்றுவிடவில்லை. விழித்திரை நோய்க்கான இரண்டாவது அப்டாமர் மருந்து 2023இல் ஒப்புதல் பெற்றது.

இவ்வளவும் சொன்ன பிறகு என் வேண்டுகோள்களை வைக்கிறேன்.

கலைத்துப்போட்ட வரிசை ஒன்றை, அதே நீளத்தில், அதே எழுத்து விகிதத்தில், அதே வேதி மாற்றங்களோடு செய்து வாங்குங்கள். மாற்றமில்லாத வரிசையை ஒப்பீடாக வைப்பது போதாது; கந்தகமோ நாப்தில் தொகுதியோ தானே ஒட்டுகிறதா என்பது அப்போது தெரியாது. பிணைப்பிடத்தில் ஓரெழுத்தை மட்டும் மாற்றிய இழையையும் சேருங்கள்.

தங்கமோ மின்முனையோ இல்லாத கரைசலில், ஒளிரும் சாயம் ஒட்டாத இழையோடு, ஒருமுறையாவது பிணைப்பை அளவிடுங்கள். வெப்ப அளவி உங்கள் துறையில் இல்லாவிட்டால் காந்த ஒத்ததிர்வு இருக்கும். இரண்டும் இல்லாவிட்டால் பக்கத்து ஊர் மத்தியக் கருவி மையத்தில் இருக்கும்.

இலக்கின் உறவினர்களைச் சோதியுங்கள். உப்பையும் சர்க்கரையையும் போட்டுவிட்டுத் 'தேர்ந்தறியும் திறன் நன்று' என்று எழுதுவதில் பொருளில்லை. தையோஃபிலினுக்குக் காஃபீன், ஆர்செனிக்குக்கு பாஸ்பேட். உங்கள் இலக்குக்கு எது என்று யோசியுங்கள். மக்னீசியத்தின் அளவு, உப்பின் அளவு, வெப்பநிலை மூன்றையும் எழுதுங்கள். அப்டாமரின் மடிப்பு அவற்றைப் பொறுத்தது. காய்ச்சி வடித்த நீரில் கிடைத்த பிடி கிணற்று நீரில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

நீங்கள் எடுத்தாளும் பழைய வரிசை இந்தச் சோதனைகளில் தோற்றுவிட்டால், அதையும் கட்டுரையாக எழுதுங்கள். ஆர்ஸ்-3 பற்றிய மறுப்பு, அதன்மேல் இன்னும் உணரி கட்டிக்கொண்டிருந்தவர்களின் ஆண்டுகளை மிச்சப்படுத்தியது. எதிர்மறை முடிவு என்று வழிகாட்டி தயங்கினால், அந்தக் கட்டுரையைக் காட்டுங்கள்.

கடைசியாக, வரிசையை வாங்குவதோடு நில்லாதீர்கள். நியூக்ளியோசைடின் 5ஆம் இடத்தில் புதுத் தொகுதி ஒன்றைக் கோக்க வேண்டிய பல்லேடிய வினைகளும் காப்புத் தொகுதிகளும் உங்கள் முதுநிலைப் பாடத்திலேயே இருக்கின்றன. கெமிக்கல் கம்பெனியின் விலைப்பட்டியலில் இல்லாத ஓர் எழுத்தைத் தொகுத்து, அதைப் பாலிமரேஸ் ஏற்கிறதா என்று பார்ப்பதே ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு. ஏற்றுக்கொண்டால் அடுத்த கேள்வி, அந்த எழுத்து இல்லாத இழைத் தொகுப்பு தராத தேர்ந்தறியும் திறனை அது தருகிறதா என்பது. ஆய்வேட்டில் முதல் படமாக எதை வைப்பது என்று யோசிக்கும்போது, இலக்கு பிடிபட்ட வளைகோட்டை இரண்டாவதாக வையுங்கள். முதலில், உங்கள் மூலக்கூறு எவற்றையெல்லாம் பிடிக்க மறுத்தது என்ற பட்டியல் வரட்டும். தேர்வாளரும் வாசகரும் அங்கிருந்தே உங்களை நம்பத் தொடங்குவார்கள்.

அன்புடன்,
வேதியியல் கற்பிக்கும் ஒருவன்